காப்புக் கட்டிய வாரத்தில் வந்த வெள்ளம்

புதிதாக மாவட்ட அலுவலகத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு நல்ல வார்த்தை வராது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஏச்சுதான் நன்றாக வரும். அதனால் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்களில் ஒருவரை அந்த ஆற்றங்கரை வட்டாரத்துக்கு, அந்த முக்கிமுக்கு, பொறுப்பாகப் போடுவார்கள். யாரும் கேட்டு வாங்குகிற முக்கிம் இல்லை அது. எனக்கும் தலையில்தான் கட்டினார்கள்.

இடம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பீடோங்கிலிருந்து உள்ளே போனால் இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் எல்லாம் ரப்பர் மரம், கித்தாக்காடாக இருந்தது. அதைத் தாண்டினால் மூடா ஆறு. சிக் பக்கத்து மலையிலிருந்து இறங்கி, கோத்தா கோலா மூடாவில் கடலில் போய் விழுகிற ஆறு. நடுவில் நம் முக்கிமுக்கு வரும்போது அதற்கு அவசரமே இருக்காது, நெளிந்து நெளிந்து போகும். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், ஒரு பெரிய வெள்ளத்தில், அந்த நெளிவு ஒன்றைச் சுற்றிப் போகாமல் ஆறு குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். பழைய வளைவு இன்னும் குளம் மாதிரி கிடக்கிறது. மலாய்க்காரர்கள் அதைச் சுங்கை மாத்தி என்பார்கள், செத்த ஆறு என்று அர்த்தம். விரால் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் அந்த இடம் தெரியும்.

ஆறு நகர்ந்துவிட்டது, எல்லை நகரவில்லை. முக்கிம் எல்லையும் சரி, எஸ்டேட் எல்லையும் சரி, இன்றைக்கும் செத்த ஆற்றங்கரையில்தான் முடிகின்றன. ஆகவே இப்போது ஓடுகிற ஆற்றுக்கு அந்தக் கரையிலும் நம் நிலம் கொஞ்சம் இருக்கிறது. அது மேடு. மேட்டில் ஒரு பள்ளிக்கூடம். வெள்ளம் வந்தால் அதன் மண்டபம்தான் நிவாரண மையம். இந்தக் கரையில் பள்ளத்தில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற பழைய லயமும் மாரியம்மன் கோயிலும். இரண்டுக்கும் நடுவில் லோரி போகிற அளவுக்கு ஒரு பாலம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இதெல்லாம் எனக்கு ஆபீசில் உட்கார்ந்து தெரிந்தது இல்லை. முக்கிமின் தலைவர், எல்லோரும் தோக் என்று கூப்பிடுகிற பெங்ஹுலு, நான் வந்த முதல் வாரமே என்னைக் காரைவிட்டு இறக்கினார். "நாற்காலி எங்கேயும் ஓடிப் போகாது மேடம், எல்லையைச் சுற்றி வருவோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். சேறு, முள், கால் நிறைய அட்டை. மனசுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. செத்த ஆற்றங்கரையில் நின்று பெரணிப் புதருக்குள் மோவாயால் காட்டினார். ஒரு கறுப்புக் கல், துருப்பிடித்த சூலம். "இது உங்கள் ஆட்களுடைய காவல்காரர், முக்கிம் முடிகிற இடத்தில் சரியாக நிற்கிறார்" என்றார். அட்டையைப் பிடுங்கிக்கொண்டே தலையாட்டி வைத்தேன்.

அது நடந்து பல வருஷம் கழித்து அந்த மத்தியானம் வந்தது.

அந்தக் கோயிலுக்கு மழை மாதத்தில்தான் திருவிழா. ஏன் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்துத் துரை எந்த மாதம் லீவு கொடுத்தானோ அதுவே ஆத்தாவின் மாதம் ஆகிவிட்டது. டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன், திருவிழாவுக்கு முன்னால் பூசாரி ஊர் எல்லையில் வேப்பிலை கட்டுவார். பிறகு கரகம் எடுப்பவர்கள், தீ மிதிப்பவர்கள் எல்லோருக்கும் மஞ்சள் கயிற்றால் கையில் காப்புக் கட்டுவார். காப்பு கட்டியாகிவிட்டால் அதை அவிழ்க்கும் வரைக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேண்டுதல் உடைந்துபோகும், யாருக்காக வேண்டிக்கொண்டார்களோ அவர்களுக்கு ஆகாது. அந்த வருஷம் லயத்தில் காப்பு கட்டாத வீடே இல்லை என்று சொல்லலாம்.

கரகம் எடுப்பதாக இருந்தவள் வாசுகி. சுங்கை பட்டாணி ஃபேக்டரியில் வேலை செய்கிற பெண், வாய் கொஞ்சம் துடுக்கு, அதனாலேயே எனக்குப் பிடிக்கும். அவள் புருஷன் செல்வம் மோட்டார் விபத்தில் அடிபட்டு, பிழைப்பானா என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்தான். அப்போது வேண்டிக்கொண்டாள், அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கரகம் எடுக்கிறேன் என்று. அவனும் வீட்டுக்கு வந்தான். ஆனால் நடக்க முடியாது, கட்டில்தான். பாதிக் கடனைத் தீர்த்துவிட்டு எல்லை தாண்டினால் ஆத்தா அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று அவள் நம்பினாள். நீங்கள் அதை நம்புகிறீர்களா என்பது பேச்சே இல்லை. அவள் நம்பினாள், அவள்தான் அந்த வீட்டுக்குள் நின்றாள்.

அன்றைக்கு இங்கே நல்ல வெயில். அதுதான் மூடாவின் தொல்லை. மழை மேலே சிக்கில் கொட்டும், நம் ஆட்கள் இங்கே துணி காயப் போட்டுக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் தன் பாட்டுக்கு வந்து சேரும். தோக் என்னைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேரோடு பிடுங்கிய மூங்கில் கொத்துகள் மிதந்து வந்துகொண்டிருந்தன. "மேலே கரை உடைகிறது. சாயங்காலத்துக்குள் பாலம் போய்விடும்" என்றார். மனிதர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். அன்றைக்கு வாய் சும்மா இருந்தது, நான் அங்கேயே நின்று லோரிகளுக்குப் போன் போட்டேன்.

லோரிகளைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு நான் போய் நின்றால், ஒருவரும் ஏறவில்லை. காப்பு கட்டியவர்கள் எல்லை தாண்ட மாட்டார்கள், கட்டாதவர்கள் அவர்களை விட்டுவிட்டு வர மாட்டார்கள். வாசுகி வீட்டுக்குப் போனேன்.

"செல்வத்த மட்டும் ஏத்தி அனுப்புங்க அக்கா. அவருக்குக் காப்பு இல்லல்ல" என்றாள்.

கட்டிலில் கிடந்தவன் சிரித்தான். "அவ வராம நான் போக மாட்டேன்லா. ஆஸ்பத்திரியில அவ என்னைய விட்டுட்டா போனா?"

"நீ சும்மா இரு" என்று அவனை அதட்டினாள். கண் கலங்கிப்போய்த்தான் அதட்டினாள். அந்த வீட்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை ஜன்னலுக்கு மேலே இருந்தது. கட்டில் அதற்கு எவ்வளவு கீழே இருந்தது என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வெளியே வந்தால் போன். மேலதிகாரி. கெட்டவர் இல்லை, நல்ல மனிதர்தான், அவர் கவலை அவருக்கு. "போலீசையும் பொம்பாத் தீயணைப்பு ஆட்களையும் அனுப்புகிறேன், தூக்கி லோரியில் போடுங்கள்" என்றார்.

"எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்றேன்.

"எவ்வளவு?"

"பாலத்தின் அடியைத் தண்ணீர் தொடுகிற வரைக்கும். தொட்டுவிட்டால் நீங்கள் யாரையும் அனுப்ப வேண்டாம், நானே தூக்குவேன்."

சும்மா சொல்லவில்லை, அப்படியே செய்திருப்பேன். உயிரோடு இருந்தால்தானே என்னை வைய முடியும்? ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்குப் போலீசை வைத்துத் தூக்கினால் இன்றைக்குக் காப்பாற்றிவிடலாம். அடுத்த வெள்ளத்துக்கு நம் லோரிச் சத்தம் கேட்டதுமே கதவைச் சாத்திக்கொள்வார்கள், போன் எடுக்க மாட்டார்கள். அந்த ஆறு ஒரு தடவை வந்துவிட்டு நிற்கிற ஆறு இல்லை.

கோயிலுக்குத் திரும்பி வந்தேன். அங்கே பூசாரி ஆத்தா முன்னால் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. தாண்டலாமா என்று ஆத்தாவைக் கேட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எல்லோரும் சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசுகியும் ஓடி வந்து நின்றாள்.

கோயில் கமிட்டிச் செயலாளர் மணியம் என்னை ஓரமாக இழுத்தார். இனிப்பு நீர் வியாதிக்காரர், விரதம் தாங்காது என்று காப்புக் கட்டாதவர். "மேடம், நான் போயி ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சிடறேன்லா. யாருக்குத் தெரியப் போவுது?" என்று காதைக் கடித்தார்.

சொல்லுங்கள் பார்ப்போம், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்டேட்டில் ரகசியம் ஒரு வாரம் தங்காது. பிறகு ஒரு நாள் செல்வத்துக்குக் காய்ச்சல் வந்தால்கூட, அந்தப் பொய்ப் பூவால்தான் என்று வாசுகி மண்டையை உடைத்துக்கொள்வாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. சரி, நியாயமாகவே பூப் போடட்டும் என்று விட்டால்? சிவப்பு வந்துவிட்டால் அதற்குப் பிறகு நானும் பேச முடியாது, தோக்கும் பேச முடியாது. பதில் எதுவாக வந்தாலும் ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் மட்டும் கேள்வியைக் கேட்க விட வேண்டும். இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

அந்த நேரத்தில்தான் என்னை அட்டை கடித்த இடம் ஞாபகத்துக்கு வந்தது.

"பூவ வைங்க பூசாரி" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "ஆத்தாகிட்ட கேக்க வேண்டிய கேள்வி இது இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தாண்டலாமான்னுதான மேடம் கேக்கறேன்?"

"தாண்டுறோமான்னு மொதல்ல தெரியணும்ல? உங்க எல்லை எது?"

"பாலந்தான். நான்தான வேப்பிலை கட்டுனேன்."

"பாலம் போடறதுக்கு முன்னால எது?"

பூசாரி கமிட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் மேல் தப்பு இல்லை. கரங்கான் பக்கத்திலிருந்து வந்தவர், பழைய பூசாரி தவறிப்போன பிறகு வேலைக்கு எடுத்தது. வந்தபோது பாலத்தில் கட்டினார்கள், அவரும் அங்கேயே கட்டினார். நான் மணியத்தைப் பார்த்தேன். அவர் முகம் மாறியது.

"எங்கப்பா காலத்துல ஆத்துக்கு அந்தாண்ட போயி சேவல் அறுப்பாங்க" என்றார் மெதுவாக. "முனியாண்டிக்கு. பாலத்துல லோரி ஜாஸ்தியா ஓட ஆரம்பிச்சப்புறம் யாரு அவ்ளோ தூரம் போறதுன்னு, இந்தப் பக்கமே வேப்பிலையக் கட்டிட்டாங்க. அப்பிடியே பழகிப்போச்சு."

பழகிப்போச்சு. நம் ஆட்கள் செய்கிற தப்பு இது. துரை வைத்த எல்லையைத் தொட மாட்டோம், சர்க்கார் வைத்த எல்லையைத் தொட மாட்டோம். நம் சாமியின் எல்லையை மட்டும், லோரிக்குப் பயந்து, நாமே உள்ளே இழுத்து வைத்துக்கொள்வோம்.

செத்த ஆற்றங்கரையில் தோக் காட்டிய கல்லையும் சூலத்தையும் பற்றிச் சொன்னேன். பூசாரி விடவில்லை. "கட்டுன எல்லை கட்டுனதுதான் மேடம். நீங்க ஆபீசர். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவங்க என்னையத்தான் கேப்பாங்க. காவக்காரரு அங்க நிக்கிறார்னா நான் பாக்கணும். பாக்கறதுக்கு நான் அந்தப் பக்கம் வரக் கூடாது."

நியாயமான பேச்சு. எனக்கு அவர் மேல் அப்போதுதான் மரியாதையே வந்தது. தோக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் மறுபேச்சு பேசவில்லை. வண்டியிலிருந்து ஒரு பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு, மணியத்தை ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டிப் போனார். நாங்கள் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பாலத்தில் ஆள் நிறுத்தியிருந்தேன், தண்ணீர் தொட்டால் கத்தச் சொல்லி. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குத் துணிவு இல்லை.

வீடியோவில் முதலில் தோக்கின் காது வந்தது. அப்புறம் வானம். "போனத் திருப்புங்க தோக்!" என்று மணியம் கத்துவது கேட்டது. அந்த நேரத்திலும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு பெரணி, அதை வெட்டி ஒதுக்குகிற கை, அதற்கப்புறம் கல். மணியம் சட்டையைக் கழற்றிக் கல்லைத் துடைத்தார். சூலம் சாய்ந்திருந்தாலும் விழவில்லை. பின்னால் செத்த ஆறு.

பூசாரி போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார், "காவக்காரரு அவரு எடத்துலதான் நிக்கிறாரு. நாமதான் உள்ள தள்ளி வந்து நின்னுட்டோம்."

கூட்டம் அசைந்தது. வாசுகி அசையவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்காகச் சொல்லலையே? எங்களக் கெளப்பறதுக்காகச் சொல்லலையே?"

அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்ததற்காக இன்றைக்கும் நான் சந்தோஷப்படுகிறேன். "உனக்காகத்தான் தேடுனேன் வாசுகி. ஆனா இருந்ததத்தான் சொல்றேன். முக்கிம் அங்கதான் முடியுது, எஸ்டேட்டும் அங்கதான் முடியுது, நான் நடந்து பாத்திருக்கேன்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு திரும்பி, "செல்வத்தத் தூக்குங்க. தலகாணிய மறந்துடாதீங்க" என்று ஆட்களை விரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பூசாரி பாலத்துத் தூணில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். காப்பு கட்டியவர்கள் லோரியில் ஏற மாட்டோம் என்று வெறுங்காலோடு அவர் பின்னால் நடந்தார்கள். வாசுகி கரகச் செம்பைத் தலையில் வைத்துக்கொண்டாள். அவர்கள் பின்னால் மெதுவாக ஓடிய லோரியில் செல்வம் படுத்திருந்தான், கட்டிலோடு. பாலத்தின் நடுவில் போகும்போதுதான், ஆள் கத்தினான், தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது என்று. யாரும் ஓடவில்லை. நான்தான் பயத்தில் எல்லோரையும் ஏசிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூட வாசலை அடைந்ததும் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். தோக் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டார்.

சாயங்காலம் பாலம் தெரியவில்லை. லயத்தில் தண்ணீர் பழைய கறைக்கும் மேலே ஏறியது. அந்த வருஷம் தீ மிதிக்கவில்லை, காய்ந்த விறகுக்கு எங்கே போவது? கரகத்தை மட்டும் முனியாண்டி கல்லுக்கு முன்னால் இறக்கினார்கள். பூசாரி அங்கேயே வாசுகியின் காப்பை அவிழ்த்தார். அடுத்த வருஷத்திலிருந்து எல்லை கட்டுகிற வேப்பிலை பாலத்தைத் தாண்டி, செத்த ஆற்றங்கரை வரைக்கும் போகிறது. லோரிக்காரர்கள் நின்று வழிவிடுகிறார்கள். கேட்டிருந்தால் முன்னாலும் நின்றிருப்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தம்பி, பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், நம் முக்கிமுக்குக் கணினியில் அழகாக ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். ஆற்றைப் பார்த்தான், அதுதான் எல்லை என்று கோடு போட்டுவிட்டான். பள்ளிக்கூடம் பக்கத்து முக்கிமுக்குப் போய்விட்டது. நான் படத்தைத் திருத்தித் தரவில்லை. போய் நடந்துவிட்டு வா என்றேன். அட்டைக்குப் புகையிலை கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இப்போது அவனைக் கேளுங்கள், எல்லை எங்கே என்று தூக்கத்திலும் சொல்வான்.

போன மழை மாதம் நான் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சிக்கில் கன மழை என்று செய்தியில் சொன்னார்கள். கோயிலில் காப்பு கட்டியிருக்கிற வாரம். கை தானாகப் போனுக்குப் போனது. இனி அது என் வேலை இல்லை என்று திரும்ப வைத்தேன். வைத்த பிறகு வெங்காயம் ஓடவில்லை, திரும்ப எடுத்தேன். அதற்குள் வாசுகி ஒரு படம் அனுப்பியிருந்தாள். பள்ளிக்கூட வராந்தா, மஞ்சள் சேலைகள், பாய்கள், வரிசையாகச் சோற்றுப் பானைகள். கையில் காப்போடு அவள் நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு செல்வம் நிற்கிறான், நின்றுகொண்டு சிரிக்கிறான். படத்தில் வெயில் அடிக்கிறது. ஆற்றில் தண்ணீர் இன்னும் ஏறவே இல்லை. ஆபீசிலிருந்து லோரியும் போகவில்லை, யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: "பயப்படாதீங்க அக்கா, எல்லைக்குள்ளதான் இருக்கோம்."